ஆரோட சாப்பிட்டீங்கள், மகள்?

திருகோணமலை அன்புவழிபுரத்தில் ஒரு பிள்ளைக்குக் கம்பஸ் கிடைத்தால் ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிடும். வெட்டுப்புள்ளி வந்த அன்று பின்னேரமே ஆட்கள் வரத் தொடங்குவார்கள். மகள் பேராதனை விஞ்ஞான பீடத்துக்குத் தெரிவானபோது எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பிறகு மகன் கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்துக்குப் போனார். நானும் கணவரும் ஏ.எல். தாண்டாதவர்கள். பாடத்தில் ஒரு வரி சொல்லிக்கொடுக்க எங்களால் முடியாது. ஆனால் பிள்ளைக்கு என்ன கெட்டது நடந்தாலும் அந்தச் செய்தி முதலில் எங்களிடம்தான் வரவேண்டும், ஊரைச் சுற்றி வரக்கூடாது என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தோம்.

சோதனை எழுதி முடித்துக் கம்பஸ் தொடங்கும் வரைக்கும் உள்ள காலம் நீளமானது. ஒரு வருடத்துக்கு மேலும் இழுபடும். கலியாணப் பேச்சு எடுப்பவர்கள் சரியாக அந்த நேரத்தில்தான் வருவார்கள். தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். தமிழ்மொழி மூலம் பௌதிகவியலும் இரசாயனவியலும் படித்த பிள்ளை, முதலாம் வருடத்திலேயே ஆய்வுகூட அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதவேண்டும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அங்கே தடுமாறுவது அறிவு போதாமல் இல்லை, மொழியால். அதனால் கம்பஸ் தொடங்கும் வரைக்கும் மகளை ஆங்கில வகுப்புக்கு அனுப்பினோம். அதே மாதத்தில் நான் ஒரு சீட்டுக்கும் சேர்ந்தேன். மடிக்கணினி வாங்கும் நேரத்தில் நகையை அடகுக்குக் கொண்டு ஓடவேண்டியிருக்கவில்லை.

காசு விஷயத்தில் தொகையைவிடத் திகதி முக்கியம். மஹாபொல புலமைப்பரிசில் கிடைத்தால் நல்லது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அதை மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆகக் கூட்டினார்கள். ஆனால் முதல் மாதமே கைக்கு வருமென்று கணக்குப் போடாதீர்கள். முதல் சில மாதங்களை வீட்டுக் காசிலேயே சமாளிக்கும்படி திட்டமிடுங்கள். வருமானத்தை உறுதிப்படுத்தும் கடிதத்துக்குக் கிராம சேவகரிடம் நேரத்தோடு போங்கள். நாங்கள் கொஞ்சமாக அனுப்பினாலும் ஒவ்வொரு மாதமும் ஒரே திகதியில் போட்டோம். எப்போது வருமென்று தெரிந்த காசை வைத்துத்தான் பிள்ளை கணக்குப் பார்க்கும். தெரியாத காசுக்குச் சிநேகிதியிடம் கடன்தான் வாங்கும்.

சாமான் அனுப்புவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. விடுதியில் சமைக்க இடம் இருக்கும் என்று நம்பி மாவும் தூளும் கட்டிக் கொடுக்காதீர்கள். நெத்தலிக் கருவாட்டை நன்றாகப் பொரித்து, வெங்காயமும் செத்தல் மிளகாயும் போட்டு, ஈரம் இல்லாமல் வதக்கி நெஸ்டமோல்ட் டின்னில் அடைத்தால் இரண்டு கிழமைக்குக் கெடாது. மூடியைச் சுற்றி டேப் ஒட்டவேண்டும். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை என்று கண்டி போய்ச் சேர ஐந்து மணித்தியாலம் அளவில் ஆகும். அவ்வளவு நேரமும் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரும் மனிதர்தானே.

தொலைபேசிக்கு வருகிறேன். எல்லா அம்மாமாரும் கேட்பது “சாப்பிட்டீங்களா?” என்றுதான். “ஓம் அம்மா” என்று பதில் வரும், அதோடு கதை முடியும். நான் “ஆரோட சாப்பிட்டீங்கள், மகள்?” என்று கேட்பேன். அதற்கு ஒரு பெயர் சொல்லியே ஆகவேண்டும். முதல் மாதம் வவுனியாப் பிள்ளை ஒருத்தியின் பெயர் மட்டும் வந்தது. பிறகு அறையில் கூட இருந்த மாத்தறைப் பிள்ளையின் பெயரும் சேர்ந்தது. அந்தப் பிள்ளை நெத்தலி டின்னைத் தேடி எடுக்கிறாள் என்ற முறைப்பாடும் சேர்ந்தது. இடையில் ஒரு நாள் எந்தப் பெயரும் வரவில்லை. “தனியத்தான் அம்மா” என்றாள். அடுத்த நாளும் அதே பதில். மூன்றாம் நாள் அவளுடைய அப்பா இரவுப் பஸ் ஏறிவிட்டார். போய், விசாரணை ஒன்றும் செய்யவில்லை. கண்டியில் கொத்து ரொட்டி வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் இருந்திருக்கிறார். சாப்பிட்டு முடிக்கும்போது, சீனியர்மார் சிலர் இரவில் கூப்பிட்டுப் படுத்துகிற பாட்டை அவளாகவே சொல்லியிருக்கிறாள்.

பகிடிவதையை “எல்லாரும் பட்டதுதானே, கொஞ்ச நாளில் சரியாகிவிடும்” என்று சொல்லும் பெற்றோரை எனக்குத் தெரியும். 1997 இல் பேராதனையில் பொறியியல் படித்த வரப்பிரகாஷ் என்ற மாணவர் பகிடிவதையால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு இறந்தார். அடுத்த வருடம் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதைக்கு இரண்டு வருடம் வரையும், பாலியல் தொந்தரவோ கடும் காயமோ நடந்தால் பத்து வருடம் வரையும் சிறை உண்டு. இந்தச் சட்டத்தைப் பெற்றோர் தெரிந்திருந்தால் முறைப்பாடு எழுதும்போது கை நடுங்காது. நாங்களும் எழுதிக் கொடுத்தோம். எழுதுவதற்கு முன் மகளிடம் சம்மதம் கேட்டோம்; அங்கே போய் இருக்கப்போவது அவள்தானே.

அடுத்தது சோதனை. ஏ.எல். காலத்துப் பழக்கத்தில் “காய்ச்சல் என்றாலும் போய் எழுதிவிட்டு வா” என்று சொல்லிவிடுவோம். கம்பஸில் அது பிழையான புத்தி. மருத்துவச் சான்றிதழை உரிய நாட்களுக்குள் கொடுத்து அது ஏற்கப்பட்டால், பிறகு எழுதுவதை முதல் தடவையாகவே எடுப்பார்கள். காய்ச்சலோடு எழுதிச் சறுக்கினால் அது ரிப்பீட். எவ்வளவு நன்றாக எழுதினாலும் பொதுவாக சி தரத்துக்கு மேல் போடமாட்டார்கள். பீடத்துக்குப் பீடம் விதி வேறுபடும். அதனால் மாணவர் கைநூலைப் பிள்ளையிடம் வாங்கி ஒருமுறை மேலோட்டமாகவாவது பாருங்கள். பெரும்பாலான இடங்களில் எண்பது வீத வரவு இல்லாவிட்டால் சோதனை மண்டபத்துக்குள் விடமாட்டார்கள். பத்திரகாளி அம்மன் திருவிழா, மாமாவின் மகளுக்குச் சாமத்திய வீடு என்று ஒவ்வொன்றுக்கும் கூப்பிட்டால் அந்த எண்பது எங்கே நிற்கும்? உறவினருடைய கோபத்தைப் பெற்றோர் தாங்கிக்கொள்ளவேண்டும்.

நாலு வருடப் படிப்பு நாலு வருடத்தில் முடியும் என்றும் ஊருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். 2024 இல் கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் மே தொடங்கி ஜூலை வரை நீண்டது. “இன்னும் முடியல்லையோ?” என்ற கேள்வி பிள்ளையின் காதில் விழமுன் வாசலிலேயே நாங்கள் பதில் சொல்லி அனுப்பினோம்.

மகன் கதை வேறு. தினமும் நிலாவெளிப் பஸ்ஸில் போய் வருகிறவர் என்பதால் அவர் கம்பஸ் மாணவன் என்பதே வீட்டில் மறந்துபோகிறது. கடைக்குப் போக, பெரியம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, சிலிண்டர் எடுத்துவர எல்லாவற்றுக்கும் அவர்தான். தூரத்தில் இருக்கும் பிள்ளைக்காக உருகுகிற நாம், வீட்டில் இருக்கிற பிள்ளையின் படிப்பு நேரத்தை அள்ளிச் செலவழிக்கிறோம். சிநேகிதர்களோடு இரவு வளாகத்திலேயே தங்கி வேலை முடிக்கக் கேட்டால் அதற்கும் ஆயிரம் விசாரணை. இப்போது செமஸ்டர் சோதனை அட்டவணை குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறது. அந்த நாட்களில் சிலிண்டர் முடிந்தால் அவருடைய அப்பாதான் சைக்கிளை எடுக்கிறார், கொஞ்சம் முணுமுணுத்துக்கொண்டு.