வீட்டுக் கடன்: தவணை தவறிய முதல் மாதமே வங்கிக்கு வாருங்கள்

வேலையிழப்பு, நோய், வியாபார மந்தம் ஆகியவற்றால் வீட்டுக் கடன் தவணை நின்றுபோவது எவருக்கும் நேரக்கூடும். அந்நிலையில் வாடிக்கையாளர் பலர் வங்கியிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பை எடுக்கத் தயங்குகின்றனர். அக்கூச்சம் இயல்பானதே. ஆயினும் நாட்கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

ரிசர்வ் வங்கியின் விதிப்படி, தவணை நிலுவை 90 நாட்களைத் தாண்டினால் கடன் வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். நாட்கள் எண்ணப்படுவது மிகப் பழைய நிலுவையிலிருந்து. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் தவணைகளைத் தவறவிட்ட ஒருவர் அந்த 90 நாட்களுக்குள் ஒரேயொரு முழுத் தவணையைச் செலுத்தினாலும், ஜனவரி நிலுவை தீர்ந்து, கணக்கு பிப்ரவரியிலிருந்து எண்ணப்படும். ஏறத்தாழ ஒரு மாத அவகாசம் கிடைத்துவிடுகிறது. வாராக்கடனான பின்னரோ, அசலும் வட்டியுமாக நிலுவை முழுவதையும் தீர்த்தால்தான் கணக்கு பழைய நிலைக்குத் திரும்பும். அதே தவணையை ஒரு வாரம் பிந்திச் செலுத்துவதால் விளையும் வேறுபாடு இத்துணை பெரிது.

கிளைக்கு வருகையில் பணிநீக்கக் கடிதம், மருத்துவச் செலவுச் சீட்டுகள் போன்ற சான்றுகளுடன், மாதந்தோறும் எவ்வளவு செலுத்த இயலும் என்பதை விண்ணப்பமாக எழுதிக் கொணருங்கள். வாய்மொழி வாக்குறுதியை மேலாளர் மேலலுவலகத்திற்கு அனுப்ப இயலாது.

பலரும் முதலில் கேட்பது கடன் காலத்தை நீட்டிக்கத்தான். 9 சதவீத வட்டியில் 25 லட்சம் ரூபாய்க்கு 20 ஆண்டுத் தவணை சுமார் 22,493 ரூபாய். 25 ஆண்டாயின் 20,980 ரூபாய். மாதம் 1,500 ரூபாய் குறைவதற்காக மொத்தத்தில் ஏறக்குறைய 9 லட்சம் ரூபாய் கூடுதலாகச் செலுத்த நேரும். வருமானம் சற்றே குறைந்தோர்க்கன்றி இது பயன் தராது. வருமானம் அடியோடு நின்றவர்கள் தவணைகளைச் சில மாதம் ஒத்திவைக்குமாறு, கடன் மறுசீரமைப்புக் கோரலாம். வங்கி அதனை ஏற்றே ஆகவேண்டும் என்னும் கட்டாயமில்லை. ஏற்றாலும் அது சிபில் பதிவில் இடம்பெறும்.

2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம், பிரிவு 13(2)இன்கீழ் அறிவிப்பு வந்துவிட்டதா? நிலுவையைத் தீர்க்க 60 நாட்கள் உண்டு. எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்தால், அதனை ஏற்காத வங்கி 15 நாட்களுக்குள் காரணம் கூறியாக வேண்டும். வங்கி சொத்தைக் கையகப்படுத்தினால், 45 நாட்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுகலாம். நிலுவை முழுவதையும் செலவுகளுடன் செலுத்தி வீட்டை மீட்கும் உரிமை, ஏல அறிவிப்பு வெளியாகும் வரையில்தான்.

கடனைச் சுமக்கவே இயலாதெனத் தெளிவாகிவிட்டால், ஏலத்திற்கு விடுவதைக் காட்டிலும் தாமே விற்பது பெரும்பாலும் நல்ல விலை தரும். 13(2) அறிவிப்பு வந்தபின் வங்கியின் எழுத்துபூர்வ ஒப்புதலின்றி விற்கக் கூடாது. ஆதலால் முன்பணம் வாங்குமுன் கிளையில் ஒப்புதலும், அன்றைய நிலுவைத் தொகைக்கான கடிதமும் கேட்டுப் பெறுங்கள்.