பழைய பிக்கப்பைக் கழற்ற முன் கணக்குக் கொப்பியைத் திறவுங்கள்

கடையின் பின்வளவில் தறப்பாள் போர்த்திய ஒரு பழைய பிக்கப் நிற்கும் வியாபாரக் குடும்பங்கள் நமது ஊர்களில் இன்றும் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் ஓடாத வாகனத்துக்கும் விலை வந்ததைக் கண்ட பலர், "இதைத் திருத்தி எடுத்தால் என்ன?" என்று யோசிக்கத் தொடங்கினார்கள். வாப்பா விட்டுச் சென்ற 1965ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் பிக்கப்பை நானும் தம்பியும் வீட்டிலேயே கழற்றிப் பூட்டியதால், அந்தக் கேள்வி என்னிடமும் அடிக்கடி வருகிறது. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எதற்காகத் திருத்துகிறீர்கள்? சாமான் ஏற்றவா, விற்கவா, கடையின் பெயருக்காகவா?

சாமான் ஏற்றத்தான் என்றால் முதலில் பாரத்தைக் கணக்கிடுங்கள். மைனர் பிக்கப் 1953இல் வந்தபோது அதன் சுமை 5 அந்தர், அதாவது சுமார் 254 கிலோ. 1962இல் 1098 சிசி எஞ்சின் வந்தபோது 6 அந்தராகவும், 1968இல் 8 அந்தராகவும் கூட்டினார்கள். எங்களுடையது 6 அந்தர் வண்டி. சுமார் 305 கிலோ. எங்கள் ஹாட்வெயார் கடைக் கணக்கில் சொன்னால் ஆறு மூடை சீமெந்து! முக்கால் தொன் ஏற்றும் சின்ன லொறி ஒன்று ஒரே நடையில் கொண்டுபோவதற்கு இது இரண்டரை நடை ஓட வேண்டும். ஆகவே உழைக்கும் வாகனமாக இதை எண்ணவே முடியாது. கடையின் பெயரைச் சுமக்கும் வாகனமாக எண்ணலாம். இந்த ஒரு தீர்மானம் பின்னால் வந்த பாதிச் செலவை வெட்டியது.

அடுத்தது, பலர் பேசக் கூச்சப்படும் விடயம். தகப்பனின் பெயரில் பதிவாகியுள்ள வண்டி, அவர் மௌத்தான பிறகு திறப்பு யார் கையில் இருக்கிறதோ அவருடையது அல்ல. வாரிசுகள் எல்லோருக்கும் அதில் பங்குண்டு. துருப்பிடித்த நிலையில் யாரும் அதைக் கேட்கமாட்டார்கள். பெயின்ற் பளபளக்கத் தொடங்கியதும் கேள்வி வரும். கூடிய பெறுமதி செலவழித்தவனுக்கா, எல்லோருக்குமா என்பதில் ஒற்றுமையாக இருந்த குடும்பங்கள் மனம் கசந்ததை நான் கண்டிருக்கிறேன். எனவே ஒரு போல்ட்டைக் கழற்றும் முன்பே, இருந்த நிலையில் வண்டியை மதிப்பிடச் செய்து உம்மாவுக்கும் தாத்தாவுக்கும் உரிய பங்கைக் கொடுத்தோம். "தம்பி, வாப்பாட பிக்கப்ப வித்துப்போடாம வச்சிருந்தாப் போதும், எனக்குச் சல்லி வேணாம்" என்றார் தாத்தா. "வேணாம் என்டத கணக்கில எழுதேலாது தாத்தா" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, கையொப்பமும் வாங்கிக்கொண்டேன். அதன் பிறகே பெயர் மாற்றம்.

இனி வண்டிக்கு வருவோம். மைனர் காரில் உடலும் அடிச்சட்டமும் ஒன்றாகவே இருக்கும். பிக்கப்புக்கும் வேனுக்கும் தனிச் செசி உண்டு. கேபினையும் பின் பெட்டியையும் கழற்றித் தூக்கலாம் என்பதால் வீட்டில் வேலை செய்ய இது வசதி. ஆனால் செசி உக்கியிருந்தால் மற்ற எதுவும் பயனில்லை. சின்னச் சுத்தியலால் நெடுகத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உக்கியது மந்தமாகக் கேட்கும். வில்லுத் தகடுகள் பொருந்தும் இடங்களையும் கேபின் தளத்தையும் கதவின் அடிவிளிம்பையும் விட்டுவிட வேண்டாம். ஒரு கராஜில் முன்பு எப்போதோ "திருத்திய" எங்கள் வண்டியின் தளத்தைச் சுரண்டியபோது, தகடு இருக்க வேண்டிய இடத்தில் விரல் தடிப்புக்குப் பூட்டியே இருந்தது.

கழற்றும்போது ஒவ்வொரு பகுதியையும் படம் எடுத்து, ஆணிகளைத் தனித்தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதி வைத்தோம். பழைய பிரேக் சூவில் அஸ்பெஸ்டஸ் இருக்கும். தூசைக் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். பழைய பெயின்ற்றில் ஈயம் இருக்கலாம் என்பதால் நீர் ஊற்றியே தேய்த்தோம். பெற்றோல் தாங்கியைக் கழற்றி அப்புறப்படுத்தாமல் வெல்டிங் செய்ய யாரையும் விடாதீர்கள்.

இந்த வண்டியின் பிரசித்தமான நோய் முன் சக்கரத்தில் இருக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் கீழ் மூட்டு மரைபோட்டது. கிறீஸ் காணாமல் மரை தேய்ந்தால் ஓடும்போதே சக்கரம் மடிந்து விழும். பெயின்ற்றுக்கு எடுத்து வைத்த பணத்தில் கைவைத்தாவது இதையும் பிரேக்கையும் முதலில் முடியுங்கள்.

எதை மாற்றுவது, எதைப் பழையபடி விடுவது என்பதில் எனக்கும் தம்பிக்கும் ஒரு மாதம் வாதம் நடந்தது. "நானா, ஜப்பான் டீசல் எஞ்சின் ஒன்டப் போட்டா எண்ணெய்ச் செலவு மிச்சம்" என்றான். எவ்வளவு தூரம் ஓடும் என்று கேட்டேன். வாரத்துக்கு ஊருக்குள் ஓரிரு நடை. அந்த ஓட்டத்தில் மிஞ்சும் எண்ணெய்க் காசு எஞ்சின் விலையை எத்தனை வருடத்தில் மீட்கும் என்று அவனையே கணக்குப் போடச் சொன்னேன். அதோடு பேச்சு முடிந்தது. பழைய எஞ்சினுக்கு விற்பனையிலும் மதிப்புண்டு. எனினும், இலங்கையில் 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டதால், அதை நம்பிச் செய்யப்பட்ட வால்வு இருக்கைகள் தேயும். எஞ்சின் தலையைக் கழற்றியபோதே கடின இருக்கைகள் போடுவித்தோம். டைனமோவுக்குப் பதில் அல்டர்னேட்டர் பூட்டினோம். மைனரில் பற்றரியின் நேர்முனைதான் உடலில் இணைந்திருக்கும். அல்டர்னேட்டருக்கு அதை எதிர்முனையாக மாற்றி, கொயில் வயர்களையும் இடம் மாற்ற வேண்டும். சீற் பெல்ட்டும் சேர்த்தோம். பின் பெட்டிக்குப் பலகைத் தளம் போட்டு, கதவில் கடையின் பெயரைக் கையால் எழுதுவித்தோம். அலங்காரம் அவ்வளவுதான்.

பாகங்களுக்குப் பயப்படத் தேவையில்லை. பஞ்சிகாவத்தையில் பொறுமையோடு ஏறி இறங்கினால் பலதும் கிடைக்கும். இங்கிலாந்தில் இன்றும் புதிய தகடுகள் விற்கிறார்கள். 1990களில் மைனரின் தகடுகளை இலங்கையில் கையால் அடித்து, பாத் நகரிலிருந்த மொறிஸ் மைனர் நிலையத்துக்கு ஏற்றுமதியும் செய்தார்கள். நமது டிங்கர் பாஸ்மாரின் கைத்திறனுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

காசு விடயத்தில் பாகங்களின் விலையைவிட காலத்தின் விலையே பெரிது. ஐந்து இலட்சம் ரூபா கடைச் சரக்கில் இரண்டு மாதத்துக்கொரு முறை சுழன்று, ஒவ்வொரு சுழற்சியிலும் நூற்றுக்கு எட்டு மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 40,000 ரூபா. 18 மாதத்தில் ஒன்பது சுற்று, 360,000 ரூபா. அந்தப் பணத்தைக் கழற்றிப்போட்ட பிக்கப்பில் 18 மாதம் முடக்கினால் உண்மைச் செலவு 860,000 ரூபா! இதனால்தான் கடை லாச்சியைத் தொடாமல், மாதாந்தம் வீட்டுக்கு எடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை மட்டும் ஒதுக்கினோம். அடுத்த கட்ட வேலை தொடங்கும் வரை அதற்கான பாகத்தை வாங்கவில்லை. பாஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். கூலி அன்றன்றே கொடுத்தோம். கொப்பியில் இரண்டு பக்கம் வைத்தேன். டயர், பிரேக் சூ போன்று ஓடித் தேய்பவை செலவுப் பக்கத்தில். செசி, தகடு, எஞ்சின் தலை போன்று ஆயுளைக் கூட்டுபவை மூலதனப் பக்கத்தில்.

நிறத்தையோ எஞ்சினையோ மாற்றினால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவிலும் மாற்ற வேண்டும். செசி இலக்கத்தின் மேல் வெல்டிங்கும் பூட்டியும் படவிடாதீர்கள். வண்டியின் அடையாளமே அதுதான். வருமான அனுமதிப்பத்திரத்துக்கு முன் புகைப் பரிசோதனையும் உண்டு.

காப்புறுதி எடுக்கும்போது பழைய வண்டி என்று சொற்ப விலை போடப் பார்ப்பார்கள். கொப்பியையும் படங்களையும் பற்றுச்சீட்டுகளையும் மேசையில் வைத்து, ஒப்புக்கொண்ட பெறுமதியை ஒப்பந்தத்திலேயே எழுத்தில் போடுவியுங்கள். எங்களுக்கு அதற்கு மூன்று நடை போக வேண்டியிருந்தது.