சக்கர நாற்காலியில் துரு: கடற்கரை வீடுகளுக்கு ஒரு பாடம்

பாம்பன் கடலின் மீது 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தை அறியாதவர் நம் பகுதியில் இலர். நூறாண்டுகளுக்கும் மேலாகப் பராமரித்துக் காத்தும், கப்பல்களுக்கு வழிவிடத் திறக்கும் அதன் தூக்குப் பகுதி அரிப்புற்றமையால் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்திற்கு அரிப்பைத் தடுக்கும் சிறப்புப் பூச்சு இடப்பட்டுள்ளது.

அப்பாலத்தை அரித்த உப்புக்காற்றே நம் வீட்டுத் திண்ணையில் நிற்கும் சக்கர நாற்காலியையும், கமோடு நாற்காலியையும், இரும்புக் கட்டிலையும் அரிக்கிறது. நோயாளி தம் முழு எடையையும் நம்பி ஒப்படைக்கும் பொருள்கள் இவை. ஆகவே துருவை அழகுக் குறையாக அன்றி, விழுதலுக்குக் காரணமாகக் கருதுதல் வேண்டும்.

துரு எவ்வாறு பிடிக்கிறது?

இரும்பு, நீர், ஆக்சிஜன் ஆகிய மூன்றும் சேர்ந்தால் துரு உண்டாகும். உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து உலோகத்தின்மேல் தங்கவைத்து, அவ்வினையை விரைவுபடுத்துகிறது. எனவே உப்பை அகற்றாமல் துருவை மட்டும் தேய்த்தால், அது விரைவில் மீண்டும் வரும்.

முதலில் சோதனை

நோயாளியை வேறிடத்தில் அமர்த்திய பின், பற்றவைத்த இணைப்புகள், மடிப்புகள், திருகுகள், சக்கர அச்சு, பிரேக் ஆகியவற்றை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மேற்பரப்பில் செந்நிறத் தூள் மட்டுமே இருந்தால் வீட்டிலேயே நீக்கலாம். அடுக்கடுக்காக உரிந்தாலோ, துளையோ விரிசலோ தென்பட்டாலோ, அழுத்தும்போது குழாய் அமுங்கினாலோ அப்பொருளைப் பயன்படுத்தக் கூடாது. வர்ணம் பூசி மறைப்பது ஆபத்து.

நீக்கும் முறை

1. காற்றோட்டமான இடத்தில், ரப்பர் கையுறையும் முகக்கவசமும் கண்ணாடியும் அணிந்து தொடங்குக. நல்ல தண்ணீரில் சோப்புக் கரைத்து, துணியால் துடைத்து உப்பை நீக்குக. நம் ஊர்களில் பல இடங்களில் ஆழ்குழாய் நீர் உப்பாக இருப்பதால் அது வேண்டாம்.

2. கழற்றக்கூடிய இரும்புத் திருகுகளைப் புளிக்கரைசலிலோ வினிகரிலோ ஓர் இரவு ஊறவைக்கலாம். கழற்ற இயலாத பகுதியில் அதே கரைசலில் நனைத்த துணியைச் சில மணி நேரம் சுற்றி வைக்கலாம். இவற்றிலுள்ள அமிலம் துருவைக் கரைக்கும். அலுமினியப் பாகங்களை இவ்வாறு ஊறவைக்கலாகாது.

3. இளகிய துருவை ஈரத்தோடு உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். உலர்ந்த நிலையில் தேய்த்தால் தூசி பறக்கும். பளபளப்பான முலாம் பூசிய குழாய்களில் உப்புத்தாள் வேண்டாம். கசக்கிய அலுமினியத் தாளை நீரில் நனைத்து மெல்லத் தேய்த்தால் போதும்.

4. சமையல் சோடா கலந்த நீரால் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, உடனே துடைத்து வெயிலில் உலர்த்துக. ஈரம் நின்றால் அன்றே துரு தோன்றும்.

5. இரும்புச் சட்டத்திற்கு ரெட் ஆக்சைடு பூசி, காய்ந்தபின் வர்ணம் பூசலாம். மடிப்புகளுக்குத் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி போதும். கைப்பிடி, பிரேக், டயர் ஆகியவற்றில் எண்ணெய் படவே கூடாது, வழுக்கும்.

இறுதியில், பராமரிப்பவர் தாமே அமர்ந்து சோதித்த பின்னரே நோயாளியை அமர்த்த வேண்டும்.

செய்யக் கூடாதவை

கழிப்பறை ஆசிட்டைத் துரு நீக்கப் பயன்படுத்தாதீர்கள். வினிகரையோ ஆசிட்டையோ பிளீச்சிங் பவுடருடன் சேர்த்தால் குளோரின் வாயு வெளிப்படும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது பேராபத்து. ஆக்சிஜன் சிலிண்டரின் வால்விலும் ரெகுலேட்டரிலும் எண்ணெயோ கிரீஸோ பட்டால் தீப்பற்றக்கூடும். அவற்றில் துரு கண்டால் வழங்கியவரிடமே திருப்பிக் கொடுங்கள். துருப்பிடித்த ஊசியையும் பிளேடையும் சுத்தம் செய்து பயன்படுத்த முயலாதீர்கள்.

காயம் பட்டால்

துருவே ரணஜன்னியை உண்டாக்குகிறது என்பது பலரின் எண்ணம். உண்மையில் மண்ணிலும் சாணத்திலும் தூசியிலும் வாழும் கிருமியே அதற்குக் காரணம். துருவற்ற ஆணி குத்தினாலும் அக்கிருமி ஆழமான காயத்தினுள் நுழையலாம். காயத்தை ஓடும் நீரிலும் சோப்பிலும் கழுவி, மருத்துவரை அணுகுக. கடைசியாகத் தடுப்பூசி போட்ட ஆண்டைச் சொன்னால், மீண்டும் தேவையா என அவர் முடிவு செய்வார். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் முதலியவற்றைத் தடவ வேண்டாம். நீரிழிவால் பாத உணர்வு குன்றியவர்கள் இவ்வேலை நடக்கும் இடத்தில் வெறுங்காலுடன் நடக்கலாகாது.

வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மீண்டும் துடைத்தால் துரு பிடிப்பது பெரிதும் குறையும். நோயாளிக்கு மருந்து கொடுக்கும் ஒழுங்கோடு இதனையும் நாம் சேர்த்துக்கொள்வோம்.