துணைவலி: இருவர் ஓடும் பந்தயத்தில் வேகப் பங்கீடு

முன்னுரை

1998ஆம் ஆண்டு கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. 50 கிலோமீட்டர் நடைப்போட்டியில் நியூசிலாந்தின் கிரேக் பாரெட் வெகுதூரம் முன்னணியில் இருந்தார். முடிவுக்கோட்டுக்குச் சுமார் 1 கிலோமீட்டர் இருக்கும்போது வெப்பத்தாலும் களைப்பாலும் அவர் நிலைகுலைந்து விழுந்தார். அவருக்குப் பின்னால் நடந்துவந்த நம் நாட்டு வீரர் கோவிந்தசாமி சரவணன் 4 மணி 10 நிமிடம் 5 விநாடியில் தங்கப் பதக்கம் வென்றார். கணக்கிட்டால் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 5 நிமிடம் வருகிறது. நான் பிறப்பதற்கு முன் நடந்த இந்தக் கதையை என் அப்பா பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். வேகமும் வெற்றியும் ஒன்றல்ல என்பதற்கு எங்கள் வீட்டில் இதுதான் உதாரணம்.

தனியொருவர் ஓடும்போதே வேகத்தைப் பங்கிடுவது கடினம். இருவர் சேர்ந்து ஓடினால் யாருடைய வேகத்தைப் பங்கிடுவது? செனாவாங்கில் என் அண்ணனும் நானும் மேற்கொண்ட இரண்டு சோதனை ஓட்டங்களைக் கொண்டு இக்கேள்வியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பந்தயத்தின் அமைப்பு

ஹைராக்ஸ் என்பது உள்ளரங்கில் நடைபெறும் உடற்பயிற்சிப் பந்தயம். இதன் முதல் போட்டி 2018இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் நடந்தது. 2023இல் சிங்கப்பூருக்கும் வந்தது. எந்த நாட்டில் நடந்தாலும் பந்தயத்தின் அமைப்பு ஒன்றே என்பதால் ஓர் ஊரில் எடுத்த நேரத்தை மற்றோர் ஊரில் எடுத்ததோடு ஒப்பிடலாம்.

ஒரு கிலோமீட்டர் ஓட வேண்டும். பிறகு ஒரு பயிற்சி நிலையம். இப்படி எட்டுமுறை. நிலையங்களின் வரிசை இது:

1. நின்றபடி இரு கயிறுகளைக் கீழே இழுக்கும் ஸ்கீ எர்க் கருவி, 1000 மீட்டர்
2. எடை ஏற்றிய ஸ்லெட்டைத் தள்ளுதல், 50 மீட்டர்
3. ஸ்லெட்டைக் கயிற்றால் இழுத்தல், 50 மீட்டர்
4. குப்புறப் படுத்தெழுந்து முன்னோக்கித் தாண்டும் பர்ப்பி, 80 மீட்டர்
5. துடுப்புக் கருவி, 1000 மீட்டர்
6. இரு கைகளிலும் கெட்டில்பெல் தூக்கி நடத்தல், 200 மீட்டர்
7. மணல்மூட்டையைத் தோளில் வைத்து, பின்முழங்கால் தரையைத் தொட எட்டு வைத்தல், 100 மீட்டர்
8. எடைப்பந்தைக் குந்திப் பிடித்து எழுந்து உயரக் குறியில் எறிதல், 100 முறை

இருவர் பிரிவில் ஒரு முக்கிய விதி உண்டு. எட்டு கிலோமீட்டரையும் இருவரும் சேர்ந்தே ஓட வேண்டும். நிலையங்களில் மட்டும் ஒருவர் வேலை செய்ய மற்றவர் இளைப்பாறலாம். எப்போது வேண்டுமானாலும் கைமாறலாம். ஆணும் பெண்ணும் சேரும் கலப்புப் பிரிவில் தள்ளும் ஸ்லெட் 152 கிலோ, மணல்மூட்டை 20 கிலோ, கெட்டில்பெல் தலா 24 கிலோ.

ஓட்டத்தைப் பிரித்துக்கொள்ள முடியாது, பளுவைப் பிரித்துக்கொள்ளலாம். இக்கட்டுரையின் சாரமே இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு தோல்வி தேவைப்பட்டது.

முதல் சோதனை

அண்ணன் என்னைவிட ஏழு வயது மூத்தவர். எஸ்.பி.எம். முடித்ததும் செனாவாங் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்தார். பன்னிரண்டு மணி நேர வேலை, வாரம் மாறி வாரம் இரவு முறை. என் பல்கலைக்கழகச் செலவில் பெரும்பகுதி அவருடைய மிகைநேரச் சம்பளம்தான். உடல் வலிமையில் நான் அவர் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் பள்ளியில் குறுக்கோட்டம் ஓடியவள் என்பதால் ஓட்டத்தில் நான் வேகம்.

சிங்கப்பூர்ப் போட்டிக்குப் பெயர் கொடுக்கலாமா என்று பார்க்க, எங்கள் ஊர்ப் பயிற்சிக்கூடத்தில் ஒரு ஞாயிறு காலை முழுப் பந்தயத்தையும் செய்து பார்த்தோம். ஓட்டத்திற்குப் பின்புறச் சாலை. பங்கீட்டைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. "கனமானதையெல்லாம் நான் பாத்துக்கிறேன், நீ ஓடு" என்றார் அண்ணன். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

முதல் கிலோமீட்டர் 4 நிமிடம் 50 விநாடி. எனக்குச் சுகமான வேகம். அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் கூடவே வந்தார். எட்டு ஓட்டங்களின் நேரமும் பின்வருமாறு அமைந்தது: 4:50, 5:20, 6:05, 6:20, 6:45, 6:40, 6:55, 7:25. கடைசி ஓட்டத்தில் பாதித் தூரத்தை அண்ணன் நடந்தே கடந்தார். நான் திரும்பித் திரும்பிப் பார்த்து, "சீக்கிரம் வாங்க அண்ணே" என்று கத்தினேன். மொத்தம் 87 நிமிடம்: ஓட்டம் 50:20, நிலையங்கள் 31:10, இடைநடை 5:30.

அன்று மதியம் வீட்டில் எங்களுக்குள் பேச்சில்லை. அண்ணனுக்கு ஓட்டப் பயிற்சி போதாது என்பதுதான் என் முடிவு. அதை அம்மாவிடம் சொல்லவும் செய்தேன்.

எண்கள் சொன்னவை

இரண்டு நாள் கழித்து எண்களை எழுதிப் பார்த்தபோது என் முடிவு தவறு என்று தெரிந்தது. அண்ணன் தனியாக, களைப்பில்லாமல் எட்டு கிலோமீட்டரைச் சீராக ஓடக்கூடிய வேகம் கிலோமீட்டருக்கு 5:45. அதை நான் முன்பே அறிவேன். அப்படியிருக்க, முதல் இரண்டு கிலோமீட்டரிலும் அவரை அந்த வேகத்திற்கு மேலே இழுத்துச் சென்றது யார்?

உடலியலில் இதற்கு விளக்கம் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு வேக எல்லை உள்ளது. அதற்குக் கீழே ஓடினால் தசையில் உருவாகும் லேக்டேட்டை உடல் அப்போதைக்கப்போதே பயன்படுத்திக்கொள்கிறது. எல்லையைத் தாண்டினால் அது இரத்தத்தில் சேர்கிறது, தசையில் அமிலத்தன்மை கூடுகிறது, மூச்சு வாங்குகிறது, சேமிப்பில் உள்ள கிளைகோஜன் விரைவாகக் கரைகிறது. ஓடும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்பதே எளிய சோதனை. பேச முடியாவிட்டால் எல்லை நெருங்கிவிட்டது அல்லது தாண்டிவிட்டது எனக் கொள்ளலாம். அண்ணன் பேசாமல் வந்ததை நான் கவனித்திருந்தேன், ஆனால் புரிந்துகொள்ளவில்லை.

இரண்டாவது, பளுப் பங்கீடு. ஸ்லெட்டின் 50 மீட்டரில் 37.5 மீட்டரை அண்ணன் தள்ளினார். துடுப்பில் 700 மீட்டர் அவர், 300 நான். மணல்மூட்டையில் 70 மீட்டர் அவர், 30 நான். ஒவ்வொரு நிலையத்திலும் இளைப்பாறியவள் நான். அடுத்த ஓட்டத்திற்குப் புத்துணர்ச்சியோடு கிளம்பியவளும் நான். ஆனால் இருவரும் சேர்ந்துதான் ஓட வேண்டும் என்பதால் என் புத்துணர்ச்சிக்கு ஒரு விநாடி மதிப்பும் இல்லை. ஓட்டத்தின் நேரத்தைத் தீர்மானிப்பவர் மெதுவாக ஓடுபவரே. அவரைத்தான் நாங்கள் நிலையத்துக்கு நிலையம் களைப்பாக்கிக்கொண்டே வந்தோம்.

"முடியலைன்னு ஏன் சொல்லல அண்ணே?" என்று கேட்டேன்.

"நீ நல்லா ஓடிக்கிட்டு இருந்த. நான் எதுக்கு அதைக் கெடுக்கணும்?" என்றார்.

பாட்டியின் நிரை

எங்கள் பாட்டி செனாவாங் வட்டாரத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அந்தத் தோட்டங்களில் பல இன்று தொழிற்பேட்டையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு நிரையில் இறங்குவார்களாம். குளிர்ச்சியான அதிகாலையில்தான் மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்து பால் நன்றாக வடியும். ஒருவர் நிரையில் நூற்றுக்கணக்கான மரங்கள். கடைசி மரம்வரை கத்தியின் ஆழம் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஆழமாகப் பாய்ந்தால் மரம் காயப்படும்.

எங்கள் எண்களைப் பாட்டியிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "உங்க தாத்தா வெட்டுறதுல வேகம். அவரு நிரையை முடிச்சிட்டு நேரா என் நிரைக்கு வந்துடுவாரு. மங்குப் பாலை எடுத்து வாளியில ஊத்தி, காண்டாக் கம்புல ரெண்டு வாளியையும் தூக்கிக்கிட்டு ஸ்டோருக்குப் போயிடுவாரு. நான் வெறுங்கையா நடப்பேன். அப்பதான் ரெண்டு பேரும் ஒண்ணா வீட்டுக்கு வர முடியும், அம்மாடி" என்றார்.

கெட்டில்பெல் தூக்கி நடக்கும் நிலையத்தைப் பார்த்தபோதெல்லாம் எனக்குத் தாத்தாவின் காண்டாக் கம்பு நினைவுக்கு வந்ததுண்டு. ஆனால் அவர் யாருடைய பாலைத் தூக்கினார் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

இரண்டாம் சோதனை

மூன்று வாரம் கழித்து மீண்டும் ஓடினோம். இம்முறை நான்கு விதிகளை வகுத்துக்கொண்டோம்.

முதல் விதி: ஓட்டத்தில் அண்ணன் முன்னால், நான் அவருக்குப் பின்னால். வேகம் அவருடையது. முதல் கிலோமீட்டர் 5:50க்குக் குறையக் கூடாது.

இரண்டாம் விதி: வலிமை மட்டுமே தீர்மானிக்கும் நிலையங்களில் அண்ணனுக்கு அதிகப் பங்கு. 152 கிலோ ஸ்லெட்டை நான் தள்ளினால் நின்று நின்று நேரம் போகும். எனவே தள்ளுவதில் அவர் பங்கைக் குறைக்கவில்லை. ஒவ்வொரு 12.5 மீட்டருக்கும் இடையே அவருக்கு மூச்சுவிட நேரம் கொடுத்தோம். கடும் முயற்சியில் செலவாகும் பாஸ்போகிரியேட்டின் சுமார் பாதி அரை நிமிட ஓய்விலேயே மீண்டுவிடும் என்பதால், நீண்ட முறையைவிடக் குறுகிய முறைகள் நல்லவை.

மூன்றாம் விதி: மூச்சைத் தின்னும் நிலையங்களில் எனக்கு அதிகப் பங்கு. ஸ்கீ எர்க்கில் 700 மீட்டர் நான். பர்ப்பியில் 55 மீட்டர் நான். துடுப்பில் 600 மீட்டர் நான். துடுப்புக் கருவியில் கால்வாரை அவிழ்த்துக் கட்டவே சில விநாடிகள் போவதால் அங்கே ஒரே ஒரு கைமாற்றம். மணல்மூட்டையைப் பாதிப் பாதி.

நான்காம் விதி: கடைசி நிலையத்திற்குப் பிறகு ஓட்டம் இல்லை. அங்கே எதையும் மிச்சம் பிடிக்கத் தேவையில்லை. எனவே எறிபந்து 100இல் 65ஐ அண்ணன் எறிந்தார்.

ஓட்டங்களின் நேரம்: 5:50, 5:50, 6:00, 6:00, 6:00, 5:55, 6:00, 5:45. மொத்தம் 47:20. நிலையங்கள் 32:00, இடைநடை 4:10. ஆக 83 நிமிடம் 30 விநாடி.

ஒப்பீடு

நிலையங்களில் 50 விநாடி இழந்தோம். கனமான வேலைகளை நான் செய்ததற்கான விலை அது. ஓட்டத்தில் 3 நிமிடமும் இடைநடையில் 1 நிமிடம் 20 விநாடியும் மிச்சமாயின. மொத்த ஆதாயம் 3 நிமிடம் 30 விநாடி. முதல் சோதனையில் வேகமான ஓட்டத்திற்கும் மெதுவான ஓட்டத்திற்கும் இடைவெளி 155 விநாடி. இரண்டாம் சோதனையில் 15 விநாடி.

மூன்று வாரப் பயிற்சியும், ஒருமுறை ஓடிய அனுபவமும் இதில் ஓரளவு உதவியிருக்கலாம். எனினும் பயிற்சி மட்டுமே காரணமாக இருந்திருந்தால் நிலையங்களிலும் நேரம் குறைந்திருக்க வேண்டும், அது கூடியிருக்கிறது. ஆகவே ஆதாயத்தின் பெரும்பகுதி பங்கீட்டால் வந்தது என்றே கருதுகிறேன்.

உலக அளவிலும் இதற்குச் சான்று உண்டு. 2019 அக்டோபர் 12ஆம் நாள் வியன்னாவில் எலியூட் கிப்சோகே மாரத்தான் தூரத்தை 1:59:40இல் ஓடினார். அதிகாரபூர்வ சாதனையாக அது ஏற்கப்படவில்லை. ஆயினும் ஒவ்வொரு கிலோமீட்டரையும் அவர் 2:48க்கும் 2:52க்கும் இடையில் ஓடினார். 41 வேகத்துணைவர்கள் முறைமாறி அவரைச் சூழ்ந்து ஓடிக் காற்றை மறித்தார்கள். அவர்களில் பலர் தாமே சிறந்த வீரர்கள். அன்று அவர்கள் தங்கள் வேகத்திற்கு ஓடவில்லை, ஒருவருடைய வேகத்திற்கு ஓடினார்கள்.

முடிவுரை

திருக்குறளில் 48ஆம் அதிகாரம் வலியறிதல். ஒரு செயலில் இறங்குமுன் செயலின் பளுவையும், தன் பலத்தையும், எதிரியின் பலத்தையும், துணை நிற்பவரின் பலத்தையும் சீர்தூக்க வேண்டும் என்கிறார் வள்ளுவர். முதல் மூன்றையும் நாம் எளிதாகக் கணக்கிடுகிறோம். துணைவரின் பலத்தை மட்டும் கணக்கிடாமல் விட்டுவிடுகிறோம். அது எப்போதும் அங்கேயே இருக்கும் என்று எண்ணிக்கொள்கிறோம்.

இருவர் பந்தயத்திற்குப் பயிற்சி எடுக்கும் மாணவர்கள் மூன்றை நினைவிற் கொள்ளலாம். மெதுவாக ஓடுபவரின் சீரான வேகமே இருவரின் வேகம். வேகமாக ஓடுபவரிடம் மிஞ்சும் மூச்சை நிலையங்களில் செலவிட வேண்டும். "முடியவில்லை" என்று துணைவர் சொல்லும்வரை காத்திருக்கக் கூடாது, சிலர் சொல்லமாட்டார்கள்.

என் அண்ணன் சொல்லமாட்டார். பந்தயத்தில் மட்டுமல்ல, வீட்டிலும் கனமான பாதி எப்போதும் அவருடையதாகவே இருந்திருக்கிறது. நான் முன்னால் ஓடிக்கொண்டிருந்ததால் அது எனக்குத் தெரியவில்லை. இந்த ஆண்டு என் படிப்பு முடிகிறது. அதன்பின் வீட்டுப் பளுவையும் ஒருமுறை எழுதிப் பார்த்துப் பங்கிட வேண்டும். சிங்கப்பூர்ப் போட்டிக்கும் பெயர் கொடுக்க இருக்கிறோம். அங்கும் அண்ணன்தான் முன்னால் ஓடுவார்.