டிரஸ்ட் வீட்டை வாங்கப்போகும் பயனாளிகளுக்கு

தாத்தா குடும்ப டிரஸ்ட்டில் வைத்துவிட்டுப் போன வீட்டைப் பேரப்பிள்ளைகளில் ஒருவரே கிரயத்துக்கு வாங்குவதில் தப்பில்லை. வீடு குடும்பத்தில் தங்கும் என்பதால் எனக்கு அது சந்தோஷமும்கூட. வாங்கும் விதம் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

1. டிரஸ்ட் பத்திரத்தை முழுக்கப் படியுங்கள். விற்கும் அதிகாரம் டிரஸ்டிகளுக்கு இருக்கிறதா? நகல் கேட்கத் தயங்காதீர்கள். 1882-ஆம் வருட இந்திய டிரஸ்ட் சட்டம், பத்திரத்தையும் கணக்கையும் பார்க்கும் உரிமையைப் பயனாளிக்குத் தந்திருக்கிறது.

2. நீங்களே டிரஸ்டியாகவும் இருந்தால், அங்கேயே நில்லுங்கள். சொத்தை விற்க வேண்டிய டிரஸ்டி அதை நேராகவோ மறைமுகமாகவோ வாங்கக் கூடாது என்கிறது அந்தச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. “மனைவி பேரில் எழுதிக்கலாம், மைத்துனர் பேரில் எழுதிக்கலாம்” என்று யோசனை சொல்ல ஆள் வருவார்கள். கேட்காதீர்கள். இன்று பதவி விலகி நாளை கிரயம் செய்தாலும் கோர்ட் சந்தேகத்தோடுதான் பார்க்கும். முதலில் வக்கீலைப் பாருங்கள்.

3. “என் பங்கும் இதில் இருக்கிறதே, குறைத்துக் கொடுங்கள்” என்று கேட்காதீர்கள். வெளியாள் என்ன கொடுப்பாரோ அதுதான் விலை. சார்பதிவாளர் அலுவலக வழிகாட்டி மதிப்பு முத்திரைத் தீர்வைக்கானது. சந்தை விலை அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள், முடிந்தால் இருவரிடம்.

வீடு 80 லட்சம், சம பங்கில் நான்கு பயனாளிகள், டிரஸ்ட்டுக்குக் கடன் இல்லை என்று வையுங்கள். உங்கள் 20 லட்சத்தைக் கழித்து 60 கொடுக்கலாமா? சொத்தை இப்போதே பிரித்துக்கொடுக்கப் பத்திரம் இடம் தந்தால் மட்டும். உங்களுக்கு வாடகை வருமானம் மட்டும்தான் எழுதியிருக்கிறது என்றால், 80-ஐயும் கட்ட வேண்டும். கழித்தாலும் கிரயப் பத்திரத்தில் 80 என்றே எழுதி, நேர்செய்த தொகையைத் தனியாகக் காட்டுங்கள். 60 என்று எழுதினால் பின்னால் வருமான வரியிலும் சிக்கல், பங்காளிகளிடமும் சிக்கல்.

4. மற்ற பயனாளிகளிடம் மதிப்பீட்டைக் காட்டி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அவர்களில் மைனர் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். டிரஸ்ட் பத்திரத்தில் சொன்னதை மாற்றி எதைச் செய்வதானாலும், அந்தக் குழந்தைக்காக மாவட்ட அளவிலான சிவில் கோர்ட்தான் சம்மதிக்க வேண்டும். அப்பா அம்மா கையெழுத்து போதாது. நாளைக்கு அந்தப் பிள்ளை வளர்ந்து வந்து கேட்டால், காட்டுவதற்கு உங்கள் கையில் காகிதம் இருக்க வேண்டும்.

5. பத்திரம் வேறுவிதமாகச் சொல்லாதவரை எல்லா டிரஸ்டிகளும் கிரயத்தில் கையெழுத்திட வேண்டும். பணம் டிரஸ்ட்டின் வங்கிக் கணக்குக்கே போகட்டும், எந்த டிரஸ்டியின் சொந்தக் கணக்குக்கும் வேண்டாம். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீத டிடிஎஸ் உண்டு. 80 லட்சத்துக்கு 80,000 ரூபாய். அதைப் பிடித்து டிரஸ்ட்டின் பான் எண்ணில் கட்டுங்கள்.