எம்.சி. ரோட்டுக்குப் பிள்ளைகளோடு போகிறீர்களா?

பண்டிகைத் துணி எடுக்க வடசென்னையே வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில்தான் கூடும். நாலு கடை ஏறி இறங்குவதற்குள் பிள்ளைகளுக்குப் பசி வந்துவிடும். அப்புறம் கண்ணில் எது சிவப்பாகப் படுகிறதோ அதுதான் ஆர்டர். வெளியில் சாப்பிடுவதைத் தடுக்க வேண்டாம். ஆர்டரை மட்டும் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள்.

1. கிளம்பும்போதே ஒரு வாழைப்பழமோ, ஒரு கைப்பிடி சுண்டலோ கொடுத்துவிடுங்கள். கொலைப்பசியில் இருக்கும் பிள்ளை காதில் எதுவும் ஏறாது. பெரியவர்களும் அப்படித்தான்.

2. "என்ன வேணும்?" என்று கேட்டால் ஃப்ரைடு ரைஸ் என்றுதான் பதில் வரும். "முட்டை தோசையா, இடியாப்பம் பாயாவா?" என்று கேளுங்கள். எதைச் சொன்னாலும் நமக்கு லாபம்.

3. அத்தோ கேட்டு அடம்பிடித்தால் பயப்படாதீர்கள். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் சாப்பாடு இது. பீச் ஸ்டேஷன் பக்கம் தொடங்கி வடசென்னை முழுக்கப் பரவிவிட்டது. இதில் ஒரு வசதி, நம் கண்ணெதிரேதான் கிண்ணத்தில் போட்டுப் பிசைவார்கள். கடைக்காரர் கை வைக்கும் முன்பே, "அண்ணே, குழந்தைக்கு. காரம் வேணாம், எண்ணெய் கம்மி, கோஸும் வெங்காயமும் நெறைய" என்று சொல்லிவிடுங்கள். புளித்தண்ணீரும் எலுமிச்சையும் இருப்பதால் ருசி குறையாது. மேலே நொறுக்கிப் போடும் பேஜோ என்ற பொரித்த தட்டையைக் கொஞ்சமாகத் தூவச் சொல்லுங்கள். கூடவே வரும் வாழைத்தண்டு சூப்பை விட்டுவிடாதீர்கள். வீட்டில் வாழைத்தண்டைக் கண்டாலே ஓடுகிற பிள்ளைகள் இங்கே இரண்டாவது கப் கேட்கும்! சூப் கொதிக்கக் கொதிக்க இருக்கிற கடையாகப் பாருங்கள்.

4. 300 மி.லி. கோலாவில் ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை, அதாவது ஏழு டீஸ்பூனுக்கு மேல். அதற்குப் பதில் இளநீர், மோர். ஜூஸ் கடையில் "சர்க்கரை வேணாம்" என்பதை மிக்ஸி ஓடுவதற்கு முன்பே சொல்ல வேண்டும். பிறகு சொல்லிப் பயனில்லை.

5. கண்ணைப் பறிக்கும் சிவப்பில் சிக்கன் சிக்ஸ்டி ஃபைவ் வந்தால் யோசியுங்கள், அது சாயமாகவும் இருக்கலாம். 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாய்க்குத் தடை போட்டது அதில் ரோடமைன்-பி இருந்ததால்தான். துணிக்குப் போடும் சாயம் அது. துணிக்கடைத் தெருவில் சாயம் துணியோடு நின்றுவிடட்டும். காசிமேடு மீன்பிடித் துறைமுகம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, சிக்கனுக்குப் பதில் மீன் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைக்கு முள் குறைந்த வஞ்சிரம் நல்லது. எண்ணெயில் முக்கிப் பொரித்ததைவிடக் குழம்பு மீனோ, தவாவில் போட்டதோ மேல்.

6. ஒரு பிள்ளைக்கு ஒரு பரோட்டா, ஒரு ஆம்லெட் போதும். மிச்சம் வைத்தால் திட்டாமல் பார்சல் கட்டச் சொல்லுங்கள்.

7. பத்து அல்லது அதற்கு மேல் கிளைகள் உள்ள ஓட்டல்கள் மெனுவில் கலோரியைக் குறிப்பிட வேண்டும் என்பது 2022 ஜூலை முதல் விதி. பெரிய பிள்ளையிடம் கார்டைக் கொடுத்துக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பர்கர் மட்டும் போதும், கூட வரும் ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸும் கோலாவும் வேண்டாம் என்று அவர்களே சொல்வதும் உண்டு.

8. "சப்பாத்தியை முடிச்சாதான் ஐஸ்கிரீம்" என்று பேரம் பேசாதீர்கள், சப்பாத்தி தண்டனையாகிவிடும். ஐஸ்கிரீம் வாங்குவது என்றால் வாங்குங்கள், ஒரு கப், நாலு ஸ்பூன்.