மருந்து கேட்பதற்கு முன் தோட்டத்தைச் சொல்லுங்கள்

"சார், பயிர் மஞ்சளாகுது. என்ன மருந்து அடிக்கலாம்? அவசரம்."

குண்டடம், தாராபுரம், மூலனூர் வட்டாரத்து விவசாயிகள் சேர்ந்திருக்கும் வாட்ஸ்அப் குழுக்களில் இப்படி ஒரு வரி அடிக்கடி வருகிறது. கூடவே ஒரு இலையின் மங்கலான படம் இருக்கும். பல நேரம் அதுவும் இருக்காது. சற்று நேரத்தில் ஒருவர் ஒரு பூச்சிக்கொல்லியின் பெயரைப் போடுவார். இன்னொருவர் பூஞ்சாணக்கொல்லியைச் சொல்வார். மூன்றாமவர் தன் கடையின் எண்ணைக் கொடுப்பார். விவரம் தெரிந்த வேளாண் அலுவலரோ, நாற்பது வருடம் வெங்காயம் போட்ட பெரியவரோ பேசாமல் இருந்துவிடுவார். கேட்டவருக்கு மனத்தாங்கல். "தெரிஞ்சவங்க யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க" என்று அடுத்த வரி வரும்.

அவர்கள் பேசாமல் இருப்பது அலட்சியத்தால் அல்ல. அந்தக் கேள்விக்குப் பொறுப்போடு பதில் சொல்ல வழியில்லை என்பதுதான் காரணம். நம் பகுதியில் பலர் போடும் சின்ன வெங்காயத்தையே எடுத்துக்கொள்வோம். தாள் மஞ்சளாவதற்கு இலைப்பேன் (சாற்றை உறிஞ்சும் மிகச் சிறிய பூச்சி) காரணமாக இருக்கலாம். அப்படியென்றால் தாளில் வெள்ளி நிறத்தில் கீறல்கள் தெரியும். தாளும் கழுத்தும் முறுக்கிக்கொண்டு நீண்டிருந்தால் அது விவசாயிகள் கோழிக்கால் நோய் என்று சொல்லும் திருகல் நோய், பூஞ்சாணத்தால் வருவது. நுனியிலிருந்து காய்ந்துவந்து, பிடுங்கினால் செடி எதிர்ப்பில்லாமல் கையோடு வந்து, காயின் அடியில் வெள்ளைப் பூசணம் இருந்தால் அடித்தாள் அழுகல். இவை எதுவுமே இல்லாமல், மழைத் தண்ணீர் இரண்டு நாள் பாத்தியில் நின்றாலும் மஞ்சளாகும். தழைச்சத்துக் குறைந்தால் முதலில் வயதான இலை வெளுக்கும். சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் இரும்புச்சத்து கிடைக்காமல் போனால் முதலில் இளம் இலை வெளுக்கும்.

பூச்சிக்குரிய மருந்து பூஞ்சாணத்தைத் தொடாது. பூஞ்சாண மருந்து தண்ணீர் தேங்கிய வேருக்கு உதவாது. ஆகவே "மஞ்சளாகுது" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மருந்தின் பெயர் சொல்பவர் ஊகத்தில்தான் சொல்கிறார். உங்கள் பணத்தையும் பயிரையும் வைத்து ஊகிக்க விரும்பாதவர் மௌனமாகிறார். குறையான கேள்வி நல்லவர்களை விலக்கி, அவசரக்காரர்களை மட்டும் பேச வைக்கிறது. எனக்கு உள்ள கவலை இதுதான்.

கேள்வி தவறான வழியில் போகிறது என்பதைச் சில அறிகுறிகளால் உடனே கண்டுகொள்ளலாம். வந்த பதில்களில் எல்லாம் மருந்துப் பெயர் மட்டும் இருக்கிறது, காரணம் எதிலும் இல்லை. உங்களிடம் பதில் கேள்வி கேட்டவர் ஒருவருமில்லை. ஒரே கேள்வியை மூன்று குழுக்களில் போட்டு, மூன்று விதமான பதில் வாங்கியிருக்கிறீர்கள். இந்த நிலையில் ஸ்பிரேயரைத் தோளில் மாட்டாதீர்கள். கேள்வியைத் திருத்திப் போடுங்கள். ஒரு நாள் பொறுப்பதால் பெரும்பாலான பயிர்கள் அழிந்துவிடுவதில்லை. தவறான மருந்தை அடித்துவிட்டு ஒரு வாரம் காத்திருப்பதுதான் அதிகச் சேதம்.

எழுதுவதற்கு முன் தோட்டத்தை ஒரு சுற்று நடந்து வாருங்கள். பாதிப்பு ஓரத்திலா, நடுவிலா, திட்டுத் திட்டாகவா, காடு முழுக்கவா? சொட்டுநீர்க் குழாயின் கடைசிப் பகுதியில் மட்டும் வாடியிருந்தால் அது நோயாக இல்லாமல் தண்ணீர் எட்டாத குறையாக இருக்கலாம். பாதித்த செடி ஒன்றைப் பிடுங்கி வேரையும் காயையும் பாருங்கள். நன்றாக இருக்கும் செடி ஒன்றையும் பிடுங்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதைச் செய்தவர்களில் சிலருக்குக் குழுவில் கேட்கவேண்டிய தேவையே இல்லாமல் போகும்.

அடுத்ததாகக் குழுவின் பழைய செய்திகளில் தேடுங்கள். வாட்ஸ்அப்பில் குழுவின் உள்ளே தேடும் வசதி இருக்கிறது. "கோழிக்கால்" என்றோ "படைப்புழு" என்றோ அடித்தால் சென்ற பட்டத்தில் நடந்த பேச்சு வந்து நிற்கும். ஏற்கெனவே பதில் சொன்னவரை மறுபடி சொல்ல வைக்காமல் இருப்பது மரியாதை. "போன மாசம் நீங்க சொன்னதைப் படிச்சேன், அதுல ஒரு சந்தேகமுங்க" என்று தொடங்கும் கேள்விக்கு அவர் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்.

இனி கேள்வி. இப்படி எழுதிப் பாருங்கள்:

"வணக்கமுங்க. குண்டடம் பக்கம். சின்ன வெங்காயம், விதைக்காய் நட்டு 40 நாளாச்சு. செம்மண், போர் தண்ணி, சொட்டுநீர். ஒரு ஏக்கர்ல கிழக்கு ஓரமா கால் ஏக்கர் மட்டும் நாலு நாளா நுனி காயுது. புடுங்கினா சுலபமா வருது, அடியில வெள்ளையா இருக்கு. பத்து நாளைக்கு முன்ன பூச்சி மருந்து ஒரு தடவை அடிச்சிருக்கு, பேர் படத்துல இருக்கு. போன வாரம் ரெண்டு நாள் மழை. இது அடித்தாள் அழுகலுங்களா? மத்த முக்கால் ஏக்கரைக் காப்பாத்த என்ன செய்யலாமுங்க?"

பேச்சுத் தமிழே போதும். இலக்கணம் யாரும் பார்ப்பதில்லை. ஊர், பயிர், வயது, மண், தண்ணீர், பரப்பு, எத்தனை நாளாக, முன்பு என்ன செய்தீர்கள், வானிலை எப்படி, உங்கள் ஊகம் என்ன என்று எல்லாம் இதில் வந்துவிட்டன. முன்பு அடித்த மருந்தை மறைக்காதீர்கள். கடைக்காரர் சொன்னதைக் கேட்டு அடித்தோம் என்று சொல்லத் தயங்கிப் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். அது தெரியாமல் சொல்லும் யோசனை, அதே மருந்தை இரண்டாம் முறை அடிக்கச் சொல்வதாக முடியலாம். தண்ணீரும் அப்படியே. பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் தண்ணீரா, உப்புத் தன்மையுள்ள ஆழ்துளைக் கிணறா என்பதைப் பொறுத்து பதிலே மாறும்.

படங்கள் குறைந்தது மூன்று வேண்டும்: தள்ளி நின்று வயல், முழுச் செடி வேரோடு, பாதித்த இடம் கிட்டத்தில். இலையின் மேல்புறம் மட்டும் எடுக்காமல் திருப்பி அடிப்புறத்தையும் எடுங்கள். இலைப்பேனும் வெள்ளை ஈயும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பூச்சியின் அளவு தெரிய ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வையுங்கள். உச்சி வெயிலில் நிறம் வெளுத்துத் தெரியும் என்பதால் காலையில் எடுப்பது நல்லது. மக்காச்சோளமாக இருந்தால் குருத்தைப் பிரித்துப் புழுவைப் படமெடுங்கள். 2018-இல் இந்தியாவில் முதலில் கர்நாடகத்தில் கண்டறியப்பட்டு அதே ஆண்டில் தமிழ்நாட்டுக்கும் வந்த படைப்புழுவின் தலையில், ஒய் என்ற ஆங்கில எழுத்தைத் தலைகீழாக வைத்ததுபோல் வெளிர்க் கோடு இருக்கும். வால் பக்கம் நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக இருக்கும். இந்த இரண்டும் தெரிகிற ஒரே படம் பத்து வரி விளக்கத்துக்குச் சமம்.

எழுத வராதவர்கள் குரல் பதிவு அனுப்பலாம், தவறில்லை. ஒரு நிமிடத்துக்குள் முடியுங்கள். முதல் வாக்கியத்திலேயே பயிரையும் வயதையும் சொல்லுங்கள். பதிவுக்குக் கீழே "வெங்காயம், 40 நாள், நுனி காய்தல்" என்று சில சொற்களை மட்டும் வீட்டுப் பிள்ளைகளைக்கொண்டு அடித்துப் போடுங்கள். குரலைத் தேட முடியாது, எழுத்தைத்தான் தேட முடியும்.

கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள். பதில் சொல்பவருக்கும் பால் கறக்க வேண்டும், மடை திருப்ப வேண்டும், அலுவலகம் போக வேண்டும். அரைமணிக்கு ஒருமுறை கேள்விக்குறி போடுவதும், குழுவில் கேட்ட கையோடு தனி எண்ணுக்கு அழைப்பதும் வேண்டாம். தனியாகப் பேசத்தான் வேண்டுமென்றால் "எப்போ கூப்பிடலாமுங்க?" என்று முதலில் கேளுங்கள். ஒரு நாள் கழித்தும் பதில் இல்லையென்றால், புதிய படத்தோடு ஒருமுறை நினைவூட்டலாம். பதில் கிடைத்த பிறகு கேள்வியை அழித்துவிடாதீர்கள். அழித்தால், அடுத்து அதே சிக்கலோடு வருபவருக்கு வெறும் பதில் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும்.

வந்த பதிலை எடுத்துக்கொள்ளும் விதத்தில்தான் மிகுந்த கவனம் தேவை. மருந்தின் பெயர் சொன்னவரிடம் "எதை வைத்து இது என்று முடிவு செய்தீங்க?" என்று பணிவாகக் கேளுங்கள். காரணம் சொல்லத் தெரிந்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார். மூன்று பேர் சொன்ன மூன்று மருந்தையும் ஒரே டேங்கில் கலந்து அடிக்காதீர்கள். சில மருந்துகள் ஒன்றோடொன்று சேர்ந்தால் பயிர் கருகும், அல்லது இரண்டும் வேலை செய்யாமல் போகும். பாட்டிலில் உங்கள் பயிரின் பெயர் இருக்கிறதா, அளவு என்ன, அடித்து எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யலாம் என்று படியுங்கள். மோனோகுரோட்டோபாஸ் மருந்தைக் காய்கறிப் பயிர்களுக்கு அடிக்க 2005-இலேயே தடை வந்துவிட்டது. யாரேனும் பழைய பழக்கத்தில் சொன்னால் ஏற்காதீர்கள். இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தி பலர் கைமாறி வந்தது. அது எந்த மண்ணில், எந்தப் பட்டத்தில் சொல்லப்பட்டது என்பது உங்களுக்கு அனுப்பியவருக்கே தெரியாது. சோப்புத்தூள், ஷாம்பு, மண்ணெண்ணெய் கலந்த வைத்தியங்கள் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வருகின்றன. அளவு தவறினால் இலை வெந்துபோகும்.

கூட்டம் சொல்வது எல்லா நேரமும் சரியாகாது என்பதற்குத் தென்னை நல்ல சான்று. ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதலில் 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில் காணப்பட்டு, பிறகு நம் பக்கத் தோப்புகளுக்கும் பரவியது. மட்டையெல்லாம் கருப்பாகப் படிந்ததைப் பார்த்துப் பயந்தவர்களுக்குக் கடுமையான விஷம் அடிப்பதுதான் முதலில் தோன்றிய வழி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அறிவுரையோ நேர் எதிராக இருந்தது: விஷம் அடிக்க வேண்டாம். ஏனென்றால் என்கார்சியா (வெள்ளை ஈயின் குஞ்சுகளில் முட்டையிட்டு அவற்றை அழிக்கும் சிறு குளவி) அதில் செத்துவிடும். ஓலையின் அடிப்புறத்தில் தண்ணீரைப் பீய்ச்சுவது, மஞ்சள் ஒட்டுப்பொறி வைப்பது, கருப்புப் படிவை உரிக்க லிட்டருக்கு 25 கிராம் மைதாப் பசை தெளிப்பது, குளவியைப் பெருக விடுவது ஆகியவைதான் வழி. பார்க்க மெதுவான வைத்தியம். ஆனால் காரணத்தோடு சொல்லப்பட்டது.

சில விஷயங்களைக் குழுவில் கேட்கவே கூடாது. மருந்து அடித்தவருக்கு மயக்கம், வாந்தி, கண் மங்கல் இருந்தால் உடனே 108. மருந்துப் பாட்டிலையும் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். வறட்சியில் வாடிய இளம் சோளத்தை மேய்ந்த மாடு மூச்சுத் திணறினால் அது சோளத்தில் உள்ள சயனைடு நஞ்சாக இருக்கலாம். கால்நடை மருத்துவரை அல்லது கால்நடை அவசர உதவி எண்ணான 1962-ஐ அழையுங்கள். குழுவில் பதில் வருவதற்குள் மாடு விழுந்துவிடும்.

விவசாயக் குழுக்களில் மட்டுமல்ல, நம் பகுதியில் பனியன் தொழில் குழுக்களில் இருப்பவர்களுக்கும் கேள்வி கேட்க இதே முறைதான். "துணியில கோடு விழுது" என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. கோடு நீளவாக்கிலா, குறுக்கிலா, மெஷின் டயா (விட்டம்), கேஜ் (ஊசி நெருக்கம்), நூல் கவுண்ட் (நூலின் பருமன்), ஜிஎஸ்எம் (துணியின் எடை) ஆகியவற்றைச் சொல்லுங்கள். நீளவாக்கில் ஒரே இடத்தில் விழுந்தால் ஊசியையும், குறுக்கில் திரும்பத் திரும்ப வந்தால் நூலையும் அதன் இழுவிசையையும் பார்க்கச் சொல்வார்கள். படம் போடும்போது வெளிநாட்டு வாங்குபவரின் லேபிள் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது உங்கள் கம்பெனியின் ரகசியம்.

விவசாயக் கேள்விக்குக் குழுவில் தெளிவு கிடைக்காவிட்டால் அதோடு நிற்க வேண்டியதில்லை. வெங்காயம், முருங்கை என்றால் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகம். மக்காச்சோளம், தென்னை என்றால் வேளாண்மை விரிவாக்க மையம். பாதித்த செடியைப் பிடுங்கிக் காகிதத்தில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். பாலித்தீன் பையில் போட்டால் வியர்த்து அழுகிவிடும். கிசான் அழைப்பு மையத்தின் எண் 1800-180-1551. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

ஒன்றை மட்டும் அழுத்திக் கேட்டுக்கொள்கிறேன். யோசனை கேட்டுச் செய்தவர்களில் பெரும்பாலோர், அதன் பிறகு என்ன ஆயிற்று என்று குழுவில் எழுதுவதே இல்லை. பயிர் தேறினால் மறந்துவிடுகிறார்கள், தேறாவிட்டால் சொல்லச் சங்கடப்படுகிறார்கள். சொன்னவருக்குத் தன் கணிப்பு சரியா என்று தெரிய வேறு வழி கிடையாது. அடுத்தவருக்கு அதே யோசனையை நம்பிச் சொல்லவும் முடியாது. ஒரு வாரம் கழித்து, "நீங்க சொன்னபடி செஞ்சேனுங்க, பரவுறது நின்னுது" என்றோ "பலன் தெரியலீங்க" என்றோ ஒரு படத்தோடு எழுதுங்கள். சென்ற பட்டத்தில் நீங்கள் பதில் வாங்கி முடிவு சொல்லாமல் விட்ட கேள்வி ஒன்று இருந்தால், அதை இன்றே தேடி எடுத்து அதன் கீழேயே எழுதிவிடுங்கள்.